‘சொந்தக் காரணங்களுக்காகக் காலி செய்கிறேன்’

வாடகை வீட்டை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே காலி செய்வது எப்படி என்று தேடிப் பார்த்தால் கிடைக்கும் பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆளுக்கானவை. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கும், அல்லது சொந்தமாக அபார்ட்மென்ட் வாங்கியிருப்பார். நோட்டீஸ் கொடுப்பார், அட்வான்ஸை வாங்குவார், லாரி பிடித்துப் போய்விடுவார். நம்மில் பலர் காலி செய்யும் கதை வேறு. எட்டாவது மாதம் நாம் யாரென்று வீட்டுக்காரருக்குத் தெரிகிறது. ஒன்பதாவது மாதம் குழாயில் தண்ணீர் வருவதில்லை. பத்தாவது மாதம் நாமே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். காகிதத்தில் பார்த்தால் ஒப்பந்தத்தை முறித்தவர் நாம்தான்.

வீடு மறுக்கப்படுவதைப் பற்றி ஓரளவு பேசியிருக்கிறோம். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு. ஆதிக்க சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மூடிக்கொண்டதை அது காட்டியது. திறந்த இடங்களிலும் கூடுதல் நிபந்தனை, கூடுதல் வாடகை. இது வாசலில் நடப்பது. வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் பிறகு எப்படி வெளியே வந்தார்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. எண்ணவும் முடியாது. அவர்கள் எல்லோரும் ‘தாமாகவே காலி செய்தவர்கள்’ என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

சாதி தெரியவருவதற்குத் தமிழ்நாட்டில் நேரடிக் கேள்வி தேவையில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, கறி எடுப்பீர்களா, எடுத்தால் என்ன கறி என்று நாலைந்து கேள்விகளில் வேலை முடிந்துவிடும். புரோக்கரே பாதி வடிகட்டித் தந்துவிடுவார். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக அவருக்குக் கொடுப்பதில் இந்தச் சேவையும் அடக்கம். இதையெல்லாம் தப்பித்து உள்ளே போனால், ஊரிலிருந்து வரும் அப்பா, சுவரில் மாட்டிய அண்ணலின் படம், ஏப்ரல் 14 அன்று வீட்டுக்கு வரும் நண்பர்கள், ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுப்பது என்ற சொல்லையே பாருங்கள். திருடியவனைப் பற்றிப் பேசும் சொல் அது.

என்னோடு ஆய்வு செய்யும் ஒரு தோழருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. பதினொரு மாத ஒப்பந்தம். ஏழு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் வீட்டுக்கார அம்மா மின்சாரக் கணக்கு பார்க்க உள்ளே வந்தவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது என்று வந்தது. அதற்கடுத்து, கீழ்க் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. பிறகு மோட்டார் போடும் நேரம் மாறியது. இவர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து மாறியது. கடைசியாக, “தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம் தம்பி, வீடு தேவைப்படுது, நீங்களே ஒரு மாசத்துல பார்த்துக்குங்க” என்றார்கள். தோழர் காலி செய்தார். கணக்கு முடிக்கும்போது, முன்கூட்டியே காலி செய்ததற்கு ஒப்பந்தப்படி இரண்டு மாத வாடகை 18,000, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை 9,000 என்று பிடித்துக்கொண்டு 33,000 கொடுத்தார்கள். அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக வீட்டைக் காலி செய்கிறேன். எனக்கு வர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்.’

அந்த 27,000 ரூபாய் இழப்புதான். அதைவிடப் பெரிய இழப்பு அந்தத் தாளின் முதல் வாக்கியம். நடந்தது வெளியேற்றம். அதை ராஜினாமாவாக எழுதி, வெளியேற்றப்பட்டவரிடமே கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. ஆகவே, முன்கூட்டியே காலி செய்வது எப்படி என்ற கேள்விக்கு நமக்கான பதிலில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பணத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வருவது ஒன்று. என்ன காரணத்தால் வெளியே வருகிறோம் என்பதை நாமே எழுதி வைப்பது இன்னொன்று.

முதலில் பணம். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். வாடகைதாரர் காலி செய்ய விரும்பினால் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று சொல்லியிருக்கிறதோ அத்தனை நாள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் அதைப் பற்றிப் பேசவில்லையென்றால் குறைந்தது ஒரு மாதம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே பார்க்க வேண்டிய வரி அந்த நோட்டீஸ் வரி. வாடகை எவ்வளவு என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்போம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு சின்னக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் உள்ளே வருகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்பது வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதப்படாதவரை வழக்கம் மட்டுமே.

சில ஒப்பந்தங்களில், பதினொரு மாதத்துக்குள் காலி செய்தால் மிச்சமுள்ள எல்லா மாதத்துக்கும் வாடகை தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். லாக்-இன் என்பார்கள். இதைப் பார்த்துப் பயந்து அடுத்த மூன்று மாதத்தை அவமானத்தோடு கழித்தவர்களை எனக்குத் தெரியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும், அதை உச்ச வரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தர முடியும். நீங்கள் காலி செய்த மறுவாரமே வேறு குடும்பம் குடிவந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். அதோடு, குடியிருப்பவர் இடையூறின்றிக் குடியிருக்க விடுவது வீட்டு உரிமையாளரின் கடமை என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலேயே, 108ஆம் பிரிவில் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தியவர்தான் ஒப்பந்தத்தை முதலில் முறித்தவர் என்று வாதிட இடம் உண்டு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. அவற்றை மீட்டுத்தர இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் வாடகை அதிகாரிக்கு உண்டு.

நம் ஊரில் எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தில் எச்சரிக்கை தேவை. “கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவது. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் சரி, அந்த ஒப்புதல் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வாடகை பாக்கி வைத்தவர் என்று உங்கள்மீதே கதை திரும்பும். வாடகை பாக்கி, வெளியேற்றுவதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. சாதி அங்கே சுத்தமாக மறைந்துவிடும்.

இனி அந்த நோட்டீஸ். வாயால் சொல்வது நோட்டீஸ் ஆகாது. ஒரு தாளில் எழுதி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி, படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வழக்கறிஞர் மொழி தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்: ‘இன்ன தேதியில் எங்கள் சாதியைக் கேட்டீர்கள். இன்ன தேதியிலிருந்து மொட்டை மாடியையும் கீழ்க் குழாயையும் நாங்கள் மட்டும் பயன்படுத்தக் கூடாது என்றீர்கள். இன்ன தேதியிலிருந்து எங்கள் பகுதிக்குத் தண்ணீர் விடப்படவில்லை. தொடர்ந்து குடியிருக்க முடியாத நிலையில் இன்ன தேதியில் காலி செய்கிறேன். இது என் சொந்த விருப்பத்தால் நடக்கும் காலி செய்தல் அல்ல. அட்வான்ஸ் தொகையை இந்த வங்கிக் கணக்கில் செலுத்தவும்.’ போகும் அன்று ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், மின் மீட்டரைப் படம் எடுங்கள், சாவி கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற தாளை நீட்டினால், அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘நான் அனுப்பிய நோட்டீஸில் சொன்ன காரணங்களுக்காக’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இதைச் சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும். 33,000 ரூபாய் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது, அடுத்த வீட்டுக்கு அன்று மாலையே அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கும்போது, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலோருக்குச் சாத்தியம். அவர்களைக் கோழைகள் என்று பேச இயக்கத்தில் யாருக்கும் உரிமையில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் வெளியே வந்த அன்றிரவே நடந்ததைத் தேதியோடு எழுதி, தங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்காவது ஒரு தடயம் மிஞ்ச வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், 1917இல் பரோடாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டார். இருவர் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் ரயில் ஏறினார். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்த விடுதியின் பதிவேட்டில் என்ன இருந்திருக்கும்? ஒரு பார்சிப் பெயர். தீண்டப்படாதவர் ஒருவர் அங்கிருந்து விரட்டப்பட்டார் என்பதற்கு அந்த ஏட்டில் சாட்சி கிடையாது. அவரே பிற்காலத்தில் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரியும்.

எழுதி வைத்த காரணத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? வாடகைச் சட்டத்தில் ஒன்றுமில்லை. நூறு வகையாகப் பேசும் அந்தச் சட்டத்தில் சாதி என்ற பேச்சே கிடையாது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள் என்று பட்டியலிடுகிறது. தனியார் வாடகை வீடு அதில் வராது. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். நாம் அதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதற்கோ வாங்குவதற்கோ அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பேரில் தடை விதிப்பது குற்றம் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைக்கு வீடு தர மறுப்பதை, புறக்கணிப்பு என்பதன் விளக்கத்திலேயே 7ஆம் பிரிவு சேர்த்திருக்கிறது. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: குற்றமாகக் கருதப்படும் செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிடக் கூர்மையானது. பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேர்ந்த ஒருவரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் வீட்டையோ ஊரையோ வசிப்பிடத்தையோ விட்டு வெளியேற வற்புறுத்துவதும், வெளியேறும்படி செய்வதும் 3ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ‘வெளியேறும்படி செய்வது’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. இன்னொரு நுட்பம் உண்டு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்தால் பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் நான்கு சுவருக்குள்தான். வெளியேறும்படி செய்யும் குற்றத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. புகார் எழுதும்போது திட்டியதை மட்டும் எழுதிவிட்டு வெளியேற்றியதை விட்டுவிட்டால், வலுவான பகுதியை நாமே கைவிட்டதாகிவிடும். காவல் நிலையம் இதையெல்லாம் ‘வீட்டு ஓனர் பிரச்சினை, சிவில் கேஸ்’ என்று திருப்பி அனுப்பத்தான் பார்க்கும். அப்போதுதான் அந்த நோட்டீஸும் தபால் ஒப்புகையும் தேவைப்படும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இதுவரை சொன்னது மாத வாடகை வீடுகளுக்கு. தமிழ்நாட்டில் ‘லீஸ்’ என்றால் வேறு. மொத்தமாக ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இரண்டு, மூன்று ஆண்டு இருப்பது. போக்கியம், ஒத்தி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாதச் சம்பளம் நிச்சயமில்லாத குடும்பங்கள் நகையை விற்று, கடன் வாங்கி இதற்குள் போகின்றன. இதிலிருந்து பாதியில் வெளியே வருவதுதான் மிகக் கடினம். ஏனென்றால் அந்தப் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்காது. மகள் கல்யாணத்திலோ பழைய கடனிலோ போயிருக்கும். “அடுத்த ஆள் வந்து பணம் கட்டினாத்தான் உங்களுக்குத் தர முடியும், நீங்களே ஒரு ஆள் பாருங்க” என்பார்.

அந்த இடத்தில் நடக்கும் ஒன்றை நாம் பேசியே ஆக வேண்டும். நாம் அழைத்து வரும் ஆளை வீட்டுக்காரர் சாதி பார்த்துத் திருப்பி அனுப்புவார். ஒருவர் போனார், இருவர் போனார், மூன்றாவது ஆளிடம் நாமே முன்கூட்டி விசாரிக்க ஆரம்பிப்போம். “சொந்த ஊர் எதுங்க, எந்தத் தெரு?” பணம் திரும்ப வர வேண்டும் என்ற நெருக்கடியில், சாதியால் வெளியேற்றப்படுகிறவரே வீட்டுக்காரருக்காகச் சாதி கேட்கும் புரோக்கராக மாறுகிறார். ஒரு பைசா கூலி வாங்காமல். இதை எந்த ஆய்வும் பதிவு செய்து நான் படித்ததில்லை. ஆனால் லீஸ் வீட்டில் இருந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

லீஸுக்குப் போகிறவர்கள் பணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். வங்கி வழியாகப் போகட்டும். பத்திரத்தில், எந்தப் பக்கம் முன்கூட்டி முடித்தாலும் எத்தனை நாளில் முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும் என்ற வரியும், அடுத்த ஆளைத் தேடுவது உரிமையாளரின் பொறுப்பு என்ற வரியும் இருக்கட்டும். போக்கியப் பத்திரம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவில்லாத முத்திரைத் தாள் வழக்கு என்று வரும்போது பாதி பலம்கூடத் தராது. பதிவுச் செலவைக் காட்டி வீட்டுக்காரர்கள் தட்டிக்கழிப்பார்கள். எட்டு லட்சத்தை நம்பிக் கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு.

தனி மனிதர்கள் நோட்டீஸ் எழுதுவதோடு இது முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம் கேட்டு இயக்கங்கள் பேச வேண்டும். வாடகைக்கு விடும்போதோ விட்ட பிறகோ சாதி, மதம், உணவு, மண நிலை ஆகியவற்றைக் கேட்பதும் அவற்றைக் காட்டி மறுப்பதும் தடை செய்யப்பட வேண்டும். பாகுபாட்டால் காலி செய்ய நேர்ந்தவருக்கு நோட்டீஸ் காலமும் லாக்-இன் அபராதமும் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும். ஒப்பந்தம் போடாததையே வெளியேற்றுவதற்கான காரணமாக்கும் இன்றைய பிரிவு, வீட்டுக்காரர் வேண்டுமென்றே ஒப்பந்தம் போடாமல் இழுத்தடித்தால் வாடகைதாரர்மீது பாயாதபடி தெளிவாக்கப்பட வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகும் ஒப்பந்தம் முன்கூட்டி முடியும்போது அதற்கான காரணத்தை வாடகைதாரர் நேரடியாகப் பதிவு செய்ய ஒரு கட்டம் வேண்டும், வீட்டுக்காரர் கண்ணில் படாமல், அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகும் நிரப்பக்கூடியதாக. அந்தக் கட்டத்தில் விழும் பதில்களை ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும்.